ஆசீர்வாதத்துக்கு அறுபத்து நான்கு

திருவொற்றியூரில் கீழைக்கடல் சரக்குப் பெட்டகக் கழகம் என்று ஒன்று இருந்தது. சாத்தாங்காட்டு இரும்புக் கடைகளைத் தாண்டிப் போனால் ஒரு நீண்ட மதில், மதிலில் ஒரு வாயில், வாயிலில் ஒரு கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் ஆசீர்வாதம். துறைமுகத்துக்குப் போகிற பெட்டகமோ, துறைமுகத்திலிருந்து வருகிற பெட்டகமோ, ஆசீர்வாதம் ஒரு சீட்டுக் கொடுத்தால்தான் நகரும். இவ்வளவு பெரிய அதிகாரம் உள்ள மனிதருக்கு வேலை மட்டும் நிரந்தரமில்லை. தற்காலிக எழுத்தராகச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ராயபுரத்தில் அவர் மனைவியிடம் யாராவது, "உங்க வூட்டுக்காரரு எங்க வேலை?" என்று கேட்டால், "இப்போதைக்கு கழகத்துல கீறாரு" என்று ஒன்பது வருஷமாகச் சொல்லிவந்தாள்.

2003-ஆம் வருஷம் பொங்கல் கழிந்து கழகத்துக்குக் கணிப்பொறி வந்தது. அதுவரை நீள நோட்டில் எழுதித்தான் சீட்டு. லாரிக்கு மூன்று நிமிஷம். நோட்டு என்பது பின்தங்கிய முறை என்று பொது மேலாளர் முப்பிடாதி டில்லியில் ஒரு கூட்டத்தில் கேள்விப்பட்டு வந்திருந்தார். ஆகவே கூண்டுக்குள் இயந்திரத்தை வைத்து, அதற்குச் சந்தனம் குங்குமம் இட்டு, திரையை மறைத்து மாலை போட்டு, எதிரே பூசணிக்காய் உடைத்தார்கள். பூசணிக்காயில் வழுக்கிய ஒரு கிளீனரைத் தவிர முதல் நாள் யாரும் விழவில்லை. இரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு இயந்திரம் விழுந்தது.

விழுந்தது என்றால் மேசையிலிருந்து அல்ல. திரை நின்றுவிடும். நினைவு தீர்ந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். மறுபடி கிளப்பக் கடவுச்சொல் வேண்டும். அது துணை மேலாளர் அசோகனிடம் மட்டும் இருந்தது. அசோகன் தலைமைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் டீயை முடித்து, குடையை எடுத்து, வெயிலைத் திட்டி, வாயிலுக்கு வந்து சேர முக்கால் மணி ஆகும். அதற்குள் டிரெய்லர் வரிசையின் வால் அடுத்த ஊரான எர்ணாவூரைத் தொட்டிருக்கும்.

"இன்னா நைனா, உன் மிஷினு மயக்கம் போட்டுகிச்சா?" என்று வரிசையின் முதல் லாரியிலிருந்து ஜெயவேல் எட்டிப் பார்ப்பான். பதினைந்து வருஷமாக அந்த வாயில் வழியே பெட்டக லாரி ஓட்டுகிறவன். "சோடா வாங்கியாரவா, மூஞ்சில தெளிக்க?"

"சும்மா கெட மாமு. நானே பேஜாருல கீறேன்."

"உனக்கு இன்னா பேஜாரு. கண்ணாடி ரூம்பு, மேல ஃபேனு. நான் இஞ்சின் மேல குந்திகினு கீறேன்."

ஆசீர்வாதத்தின் பேஜார் காகித வடிவத்தில் வந்தது. 'பதினொரு மணிக்கு இயந்திரத்தை நினைவிழக்கச் செய்தது ஏன் என்று மூன்று நாளில் விளக்கவும்' என்று ஒரு மெமோ. அடுத்த வாரம், 'மறுபடியும் நினைவிழக்கச் செய்தது ஏன்' என்று இன்னொன்று. மூன்று மெமோ வாங்கிய தற்காலிகப் பணியாளர் மறுநாள் முதல் வரவேண்டியதில்லை என்பது விதி. அவருடைய நிரந்தர ஆணைக்கான கோப்போ, ஒன்பது வருஷம் நான்கு மேசைகளில் தங்கி இளைப்பாறி, அப்போதுதான் பொது மேலாளர் மேசைக்கு வந்திருந்தது. மிச்சம் ஒரு மேசை, ஒரு மெமோ. எது முந்தும் என்று கூண்டுக்குள் உட்கார்ந்து யோசித்தபடியே அவர் சீட்டு அடித்தார்.

மென்பொருள் எழுதிக் கொடுத்த நிறுவனத்திலிருந்து மேத்யூ என்பவர் பைக்கில் வந்தார். ஐந்து நிமிஷம் பார்த்தார்.

"அண்ணே, இது ஜாவா. மிஷினுக்குள்ள ஒரு கற்பனை மிஷினு ஓடும். நிஜ மிஷின்ல ஐந்நூத்திப் பன்னெண்டு எம்.பி. நினைவகம் இருக்கு. ஆனா கற்பனை மிஷினுக்கு எவ்ளோ தரலாம்னு கிளப்பும்போதே ஒரு வரில எழுதணும். இங்க அறுபத்து நாலுன்னு இருக்கு, பாருங்க." திரையில் -Xmx64m என்று ஒரு துண்டைக் காட்டினார். "காலைலேர்ந்து வந்த லாரியை எல்லாம் இது மனசுல வச்சிக்கும். நூத்தி நாப்பது லாரி வந்தா அறுபத்து நாலு ரொம்பிடும். இதை இருநூத்தி அம்பத்தாறுன்னு மாத்தினா ராத்திரி வரைக்கும் தாங்கும்."

"மாத்து நைனா. புண்ணியமாப் போவும்."

மேத்யூ விசைப்பலகையில் கைவைத்தார். பின்னாலிருந்து ஒரு குடை நீண்டு அவர் கையைத் தடுத்தது.

"மாத்தறதா?" என்றார் அசோகன்.

கணிப்பொறிப் பிரிவு தொடங்கியபோது அதற்குத் தகுதியான ஆள் யாரென்று பார்த்து, தட்டச்சுப் பிரிவிலிருந்து அசோகனை எடுத்திருந்தார்கள். தட்டச்சுப் பொறி, கணிப்பொறி இரண்டிலும் எழுத்துகள் ஒரே இடத்தில் இருந்தன. கழகத்தின் பதினான்காம் விதியை அவர் மனப்பாடமாகச் சொல்வார். 1978-இல் ஒரு தட்டச்சர் ஒரு சைபரைப் பிளேடால் சுரண்டி எடுத்ததில் ஒரு கப்பல் நாற்பது நாள் நின்றது. அன்றிலிருந்து, ஒருமுறை எழுதியதை அழிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, மாற்றக் கூடாது. வேண்டுமானால் அதற்குப் பக்கத்தில் தொடர்ந்து எழுதலாம். அதற்கும் குழுவின் ஒப்புதல் வேண்டும்.

"ஒரு நம்பர் சார்," என்றார் மேத்யூ.

"ஒரு நம்பர்தான் தம்பி. அதான் பெரிய குழுவா போடப்போறோம்."

நினைவகச் சீரமைப்பு உயர்நிலைக் குழு பிப்ரவரி பத்தாம் தேதி கூடியது. தலைவர் முப்பிடாதி, உறுப்பினர்கள் நிதி அலுவலர் ஷரீஃபுன்னிசாவும் அசோகனும், பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் ஆசீர்வாதம் வாசலோரம் நின்றார். முதல் தீர்மானமாக, மார்ச் 31 வரை சீரமைப்புக் காலம் என்று அறிவித்தார்கள். அதுவரை இயந்திரம் விழுந்தால் அது ஆராய்ச்சி. ஏப்ரல் ஒன்றிலிருந்து விழுந்தால் மெமோ. ஆசீர்வாதம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஏழு வாரம்.

பிஸ்கட் வந்ததும் முப்பிடாதி பேசினார்.

"நினைவகம் என்பது கழகத்தின் சொத்து. சொத்தைத் தேவைக்கு ஏற்பக் கொடுத்தால் நாளைக்கு எல்லாருக்கும் தேவை வந்துவிடும். ஆகவே தகுதிக்கு ஏற்பக் கொடுப்பதே நியாயம். எனக்கு இரண்டு மின்விசிறி. நிதி அலுவலருக்கு ஒன்று. அசோகனுக்கு ஜன்னல். இதனால் யாருக்காவது மனவருத்தம் உண்டா? கிடையாது. ஏன்? யார் எங்கே இருக்கிறோம் என்பது அண்ணாந்து பார்த்தாலே தெரிகிறது."

அண்ணாந்து பார்த்தார்கள். தெரிந்தது.

அப்படித்தான் நினைவகத் தகுதி அட்டவணை பிறந்தது. பொது மேலாளருக்கு ஆயிரம். நிதி அலுவலருக்கு எழுநூறு. துணை மேலாளருக்கு ஐந்நூறு. இப்படி மேலிருந்து கீழாக இறங்கி, கடைசி வரியில் தற்காலிக எழுத்தருக்கு அறுபத்து நான்கு. ஒவ்வொருவரும் தத்தம் எண்ணை உத்தரவில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பெரியவர் முதலில், சிறியவர் கடைசியில். அது காலங்காலமான மரியாதை. அதை அட்சரம் பிசகாமல் அசோகன் இயந்திரத்தில் தட்டச்ச வேண்டும்.

அட்சரம் பிசகாமல் தட்டினார். கிளப்பியதும் இயந்திரம், 'பார்த்தேன்' என்கிற பகுதியைக் காணவில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டது. விஷயம் என்னவென்றால், ஷரீஃபுன்னிசா எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் 'பார்த்தேன்' என்று எழுதித்தான் கையெழுத்திடுவார். அசோகன் அதையும் ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார். இயந்திரம் அதைத் தான் ஓட்டவேண்டிய நிரலின் பெயர் என்று நினைத்து வட்டு முழுக்கத் தேடியிருக்கிறது.

"நான் பார்த்ததை அது பார்க்கலைன்னா தப்பு என்மேல இல்லியே," என்றார் ஷரீஃபுன்னிசா.

நியாயமான பேச்சு. ஆகவே இரண்டாவது சுற்றறிக்கை: இனி உத்தரவில் கையெழுத்திடும் எவரும் வார்த்தையில் கருத்து எழுதக் கூடாது, கருத்து எதுவானாலும் -Xmx என்று தொடங்கி ஓர் எண்ணாகவே இருக்க வேண்டும், எண் இல்லாத கையெழுத்து செல்லாது.

புது உத்தரவில் வரி சரியானது. -Xmx1000m -Xmx700m -Xmx500m என்று நீண்டு, -Xmx64m என்று ஆசீர்வாதத்தில் முடிந்தது. கற்பூரம் காட்டிக் கிளப்பினார்கள். காலை பதினொரு மணிக்கு விழுந்தது.

"ஐயா ஆயிரம் குடுத்தும் விழுதுன்னா, ஆப்பரேட்டர் கையில ஏதோ கோளாறு," என்று அசோகன் குழுவில் சொன்னார். ஆசீர்வாதம் தன் கையைப் பார்த்துக்கொண்டார். அன்று முழுக்க விசைகளை ஒற்றை விரலால், தூங்குகிற குழந்தையைத் தொடுகிற மாதிரித் தொட்டார். மறுநாளும் பதினொரு மணிக்கு விழுந்தது.

மார்ச் முதல் வாரத்தில் முப்பிடாதிக்கு இரக்கம் வந்தது. இயந்திரம் காலையில் சோர்வாகத் தொடங்குவதால்தான் விழுகிறது என்று கண்டுபிடித்தார். "கடைநிலையில் இருப்பவர்களுக்கும் ஒரு குறைந்தபட்ச உத்தரவாதம் வேண்டும். என் நிர்வாகத்தில் எதுவும் நூற்றிருபத்தெட்டுக்குக் குறைவாகத் தொடங்கக் கூடாது." மேத்யூவைத் தொலைபேசியில் கேட்டு, தொடக்க அளவுக்கு -Xms என்று வேறொரு துண்டு உண்டென்று தெரிந்துகொண்டார்கள். வரியின் தலையில், பொது மேலாளரின் ஆயிரத்துக்கும் முன்னால், -Xms128m ஏறியது.

இந்தத் தடவை இயந்திரம் கிளம்பவே மறுத்தது. குறைந்தபட்சமும் அதிகபட்சமும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்றது. கழகத்தின் வரலாற்றில் ஓர் உத்தரவைப் படித்துப் புரிந்துகொண்டு மறுத்த முதல் ஊழியர் அதுதான்.

வேறு வழியில்லாமல் ஆசீர்வாதம் பீரோவிலிருந்து பழைய நீள நோட்டை எடுத்துத் தூசு தட்டினார். லாரிக்கு மூன்று நிமிஷம். பகல் ஒரு மணிக்கு வாயில் முன்னே ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. சாப்பிடப் போகிற வழியில் காரை நிறுத்தி இறங்கிய முப்பிடாதி, காலிச் சாலையைப் பார்த்து வெளிறிப்போனார்.

"லாரிகள் எங்கே?"

"அல்லாம் பூட்ச்சு சார்," என்றார் ஆசீர்வாதம்.

"போய்விட்டதா? எந்தக் கம்பெனிக்குப் போச்சு?"

"உள்ள பூந்து, ஏத்திகினு, வெளில பூட்ச்சு சார். நோட்டுல எழுதி அனுப்பிட்டேன்."

முப்பிடாதி எர்ணாவூர்ப் பக்கம் கண்ணுக்கு எட்டியவரை பார்த்தார். வரிசை இல்லாத வாயில், வியாபாரம் இல்லாத கழகம் என்று மேலிடம் நினைக்காதா? மாலைக்குள் நோட்டைப் பறிமுதல் செய்து பூட்டி வைக்கவும், இயந்திரத்தை முந்தைய உத்தரவின் வரியிலேயே ஓட்டவும் உத்தரவு வந்தது.

ஆசீர்வாதத்துக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. ஆயிரம் கொடுத்திருக்கிறார்கள், தொடக்கம் நூற்றிருபத்தெட்டு; இதில் ஒத்துவராதது எது? எடைமேடையில் வேலை பார்க்கும் வரலட்சுமியிடம் புலம்பினார். வியாசர்பாடியிலிருந்து வருகிறவள், அவரைப் போலவே தற்காலிகம், ஆறு வருஷம்.

"அந்த மேத்யூ கைல கேளேன்ணே," என்றாள் அவள். "தெரிஞ்சவன் கைல கேட்டா நம்ம ஆபீஸ்ல குத்தமா இன்னா?"

குற்றம்தான், ஆனாலும் தேரடி எஸ்.டி.டி. பூத்திலிருந்து கேட்டார். மேத்யூ வரியை ஒருமுறை படிக்கச் சொன்னார். அப்புறம் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

"அண்ணே, ஒரே துண்டைத் திருப்பித் திருப்பி எழுதினா, ஜாவா கடைசியா எழுதினதைத்தான் எடுத்துக்கும். முன்னாடி எழுதினது எல்லாம் சும்மா."

"சும்மான்னா?"

"படிக்கும், மறந்துடும். உங்க அறுபத்து நாலுதாண்ணே ஓடிட்டு இருக்கு."

ஆசீர்வாதம் இதைக் குழுவில் சொன்னபோது பிஸ்கட் கடிக்கிற சத்தம் நின்றது. முப்பிடாதி மெதுவாகக் கேட்டார்: "அதாவது, ஒரு மாசமாக இந்தக் கழகத்தின் இயந்திரம் என் பேச்சைக் கேட்கவில்லை. இவர் பேச்சைக் கேட்டிருக்கிறது."

"நான் இன்னும் பேசவே இல்ல சார்," என்றார் ஆசீர்வாதம்.

"இவரு எண்ணை எடுத்துட்டா—" என்று தொடங்கிய ஷரீஃபுன்னிசா, அசோகனின் முகத்தில் பதினான்காம் விதி எழுவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எழுதியதை எடுக்க முடியாது. ஆனால் புது உத்தரவு போட்டு வரிசையைப் புதிதாக எழுதலாம். அப்படியானால் யார் கடைசி?

அடுத்த கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டார்கள். பொது மேலாளர் தன் சுழல்நாற்காலியை விட்டு, வாசலோரப் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருந்தார். ஷரீஃபுன்னிசா அதைக் கண்டதும் சிப்பந்தியின் முக்காலியை இழுத்துவரச் சொல்லி அதில் உட்கார்ந்தார். அசோகன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கைக்குட்டையை விரித்துத் தரையில் சம்மணமிட்டார். நிற்பதற்கு மட்டுமே தகுதி பெற்றிருந்த ஆசீர்வாதம், இப்போது அறையிலேயே உயரமான ஆளாக இருந்தார்.

"நான் எப்பவும் உங்களுக்குக் கீழேதான் சார்," என்றார் ஷரீஃபுன்னிசா. "இருபத்திரண்டு வருஷமா கீழே. சர்வீஸ் புத்தகத்தில் இருக்கு."

"மேடம், கீழேன்னா நான்தான் கீழே," என்றார் தரையிலிருந்து அசோகன். "நீங்க ரெண்டு பேரும் என்னை எப்படி நடத்துனீங்கன்னு நினைச்சுப் பாருங்க."

முப்பிடாதி கையை உயர்த்தினார்.

"பணிவைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இன்று முதல் கட்டளை வரியைப் பொறுத்தமட்டில் நானே இந்தக் கழகத்தின் கடைநிலை ஊழியன் என்று எழுத்தில் ஆணையிடுகிறேன். என்னைவிடக் கடைநிலை என்று யாராவது உரிமை கொண்டாடினால், அவர் எவ்வளவு உயர்ந்த பதவியில் இருந்தாலும் ஒழுங்கு நடவடிக்கை பாயும்."

கை தட்டினார்கள். தரையில் இருந்தவருக்குத் தட்ட வசதியாக இருந்தது. ஆசீர்வாதம் தன் அறுபத்து நான்கோடு வரியின் தலைக்கு ஏறினார். முப்பிடாதி தன் ஆயிரத்தோடு வாலுக்கு இறங்கினார். மார்ச் இருபத்தைந்தாம் தேதி கிளப்பினார்கள்.

பதினொரு மணிக்கு விழவில்லை. கூண்டுக்கு வெளியே அசோகன் குடையைச் சுழற்றினார். ஆனால் நண்பகலுக்குமேல் இயந்திரத்துக்குள்ளிருந்து, மணல் மேல் பெட்டி இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வரத் தொடங்கியது. உள்ளதே ஐந்நூற்றுப் பன்னிரண்டு. கற்பனை இயந்திரம் ஆயிரத்தை நம்பி வாங்கிக் குவித்தது. இல்லாத நினைவகத்துக்கு வட்டில் இடம் தேடி நிஜ இயந்திரம் மூச்சு வாங்கியது. ஒரு சீட்டுக்கு ஒன்பது நிமிஷம் ஆனது. வரிசை எர்ணாவூரைத் தாண்டியது.

"நைனா," என்றான் ஜெயவேல், "முந்தி உன் மிஷினு விழும், அப்பால எய்ந்திருக்கும். ஒரு மருவாதி இருந்திச்சு. இப்ப இன்னாத்துக்கு இப்டி இழுத்துகினு கெடக்குது? வூட்டுக்காரங்களுக்கு சொல்லி அனுப்பிடவா?"

நாலு மணிக்கு மொத்தமாக விழுந்தது.

"பதினொன்றிலிருந்து நாலு," என்றார் முப்பிடாதி. "ஐந்து மணி நேர முன்னேற்றம். ஆராய்ச்சி வெற்றி. இறுதி ஆணை தயாராகட்டும்."

மார்ச் 31 மாலை ஐந்து மணிக்கு இறுதி ஆணை கூண்டுக்கு வந்தது. நாளை காலை அதை அப்படியே தட்டச்சி, நாளையிலிருந்து நிரந்தரமாக ஓட்டவேண்டும். நாளை நாலு மணிக்கு விழும். விழுந்தால் மூன்றாவது மெமோ. ஒன்பது வருஷக் கோப்பு மேசையிலேயே உறங்கிவிடும். ஆசீர்வாதம் ஆணையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எடைமேடையைப் பூட்டிவிட்டு வந்த வரலட்சுமி அதை வாங்கிப் பார்த்தாள். பொது மேலாளரின் கையெழுத்துக்கும் கீழே ஒரு கோடு. 'பெற்றுக்கொண்டவர்' என்று அச்சடித்திருந்தது.

"இதுல நீ கையெழுத்து போடணும்ல?"

"ஆமா. எல்லா ஆர்டருக்கும் வெறும் பேரு போடறதுதான். கைல வாங்கினவன் கடைசில போடுவான்."

"நம்பரு இல்லாத கையெழுத்து செல்லாதுன்னு அவனுங்களே எழுதி ஒட்டிகீறானுங்களே."

ஆசீர்வாதம் அவளைப் பார்த்தார்.

"நம்பரு போட்டா அசோகன் சார் பிசகாம அடிப்பாரு," என்றாள் வரலட்சுமி. "அவரு அடிச்சா மிஷினு கேக்கும். உன் நம்பருதான் கடைசி. போடுண்ணே."

"எனக்கு அறுபத்து நாலுதானே தகுதி."

"மிஷினு உன் தகுதியவா கேக்கப்போவுது?"

ஆசீர்வாதம் சிலுவை போட்டுக்கொண்டு எழுதினார்: -Xmx256m, ஆசீர்வாதம், 31.3.2003. மறுநாள் காலை அசோகன் வரியைத் தட்டினார். கடைசித் துண்டை அடிக்கும்போது அவர் விரல் ஒரு கணம் நின்றது. அடிக்காவிட்டால் அட்சரம் பிசகும். அடித்தார்.

பதினொரு மணிக்கு விழவில்லை. நாலு மணிக்கு விழவில்லை. ஏப்ரல் முழுக்க விழவில்லை, மே மாதக் கத்திரி வெயிலிலும் விழவில்லை. சீட்டுக்கு ஒரு நிமிஷம். ஜெயவேலுக்குத் திட்ட விஷயம் இல்லாமல் போய், ஒருநாள் வாயிலில் நின்று, "சாப்ட்டியா நைனா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஜூனில் முப்பிடாதிக்கு டில்லியில் நினைவக நிர்வாகத்துக்கான கேடயம் கொடுத்தார்கள். 'கடைநிலையிலிருந்து தலைமை' என்ற தலைப்பில் அவர் நாற்பது நிமிஷம் பேசினார். கேடயத்தை வாங்கிக்கொண்டு திரும்பிய மறுநாள் ஷரீஃபுன்னிசா தணிக்கைக் குறிப்போடு வந்தார்: அறுபத்து நான்கு தகுதியுள்ள தற்காலிக எழுத்தர், கடந்த இரண்டு மாதமாக இருநூற்றைம்பத்தாறு அனுபவித்து வருகிறார்.

மூன்றாவது மெமோ அன்றே தயாரானது. ஆசீர்வாதத்தை வரவழைத்து நிறுத்தினார்கள்.

"யார் கொடுத்த உரிமை இது?" என்றார் முப்பிடாதி.

"யாரும் குட்கல சார். நம்பரு போட்டாத்தான் கையெழுத்துன்னு சுற்றறிக்கை சொல்லிச்சு. போட்டேன்."

"அப்படியானால் இத்தனை நாள் ஓடியது என் ஆயிரம் இல்லையா?"

ஷரீஃபுன்னிசா கேடயத்தைப் பார்த்தார். மற்றவர்களும் கேடயத்தைப் பார்த்தார்கள். இவர் எழுதியது செல்லாது என்றால், ஓடியது செல்லாது. ஓடியது செல்லாதென்றால், கேடயம் டில்லிக்குத் திரும்ப வேண்டும். முப்பிடாதி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு, பெரிய நிர்வாகிகளுக்கு நெருக்கடியில் மட்டும் வருகிற அந்தத் தெளிவு அவர் முகத்தில் வந்தது.

"நண்பர்களே, எண் தவறில்லை. ஆள்தான் தவறு. எண்ணை மாற்ற விதி இடம் தராது. ஆளை மாற்றலாம். இருநூற்றைம்பத்தாறு யாருடைய தகுதி?"

அட்டவணையைப் புரட்டினார்கள். கண்காணிப்பாளருடைய தகுதி. அந்தப் பதவி பதினோரு வருஷமாகக் காலி.

அப்படித்தான் ஆசீர்வாதம் மார்ச் 31 முதல் முன்தேதியிட்டு நிரந்தரக் கண்காணிப்பாளர் ஆனார். மெமோவைக் கிழிக்கவில்லை, விதி இடம் தராது. கோப்பின் அடியில் வைத்தார்கள். ராயபுரத்தில் அவர் மனைவி தெருவெல்லாம் லட்டு கொடுத்தாள். முதல் மாடியில் தனி அறை, தலைக்கு மேலே சொந்த மின்விசிறி. முதல் நாள் அவர் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே மதியத்தை ஓட்டினார்.

கண்காணிப்பாளர் கூண்டில் உட்காரக் கூடாது. எடைமேடையிலிருந்து வரலட்சுமியைக் கூண்டுக்கு மாற்றினார்கள். ஆள் மாறினால் ஆணையைப் புதிதாகப் பெற்றுக்கொள்ள வேண்டும். பெற்றுக்கொண்டவர் கையெழுத்தும் எண்ணும் கடைசியில் வரவேண்டும். முன்பு நடந்த மாதிரி முறைகேடு நடக்காமலிருக்க, எண்ணை முன்கூட்டியே அச்சிட்ட படிவம் ஒன்று தேவை என்று முப்பிடாதி சொன்னார். படிவத்தைப் புதிய கண்காணிப்பாளர் வடிவமைத்தார். அவர் கையெழுத்து அழகாக இருக்கும். தற்காலிக எழுத்தர் என்ற வரிக்கு எதிரே அறுபத்து நான்கு என்று தெளிவாக எழுதி அச்சகத்துக்கு அனுப்பினார். அனுப்புமுன் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடியதாகச் சிப்பந்தி சொன்னான். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் மாதம் முதல் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் மேசையில் தொலைபேசி அடித்தது. ஜன்னலுக்கு வெளியே லாரிகளின் ஹாரன் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

"அண்ணே, மிஷினு பூட்ச்சுண்ணே," என்றாள் வரலட்சுமி. "போன வாரமே ஒரு மெமோ வந்திச்சு. இன்னிக்கி ரெண்டாவது எய்தப்போறாங்களாம். நீ அந்த ஃபாரத்துல ஒரு நம்பரு மாத்தி குட்தியானா போதும்ணே. நான் வாங்கிகினேன்னு போட்டுக்கறேன்."

ஆசீர்வாதம் நாற்காலியில் நிமிர்ந்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"தங்கள் கோரிக்கையை எழுத்துமூலம், உரிய வழியில் சமர்ப்பிக்கவும்."

"அண்ணே," என்றாள் வரலட்சுமி, "நீதானா பேசிகினு கீற?"

அந்தக் கேள்வியை அவள் எழுத்துமூலம் அனுப்பவில்லை. ஆகவே கழகத்தின் பதிவேடுகளின்படி அப்படி யாரும் எதுவும் கேட்கவில்லை.